அக்காவைக் கேளுங்கள்: பாங்காக்கில் ஒரு சின்ன கான்டோ

பாங்காக்கில் சொந்தமாக ஒரு சின்ன கான்டோ, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு, வாங்குவது பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் அவை மட்டும். நான் வக்கீல் இல்லை. சீலோமில் ஒரு ரத்தினக்கல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஆன் நுட் பக்கம் சிறிய கான்டோ ஒன்றில் சொந்தமாகக் குடியிருக்கிறேன். எந்த ரூபாய் எந்த வழியாக வந்தது என்று கேட்பது என் தொழில். கீழே அந்தக் கேள்வி அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, பாங்காக்கில் மென்பொருள் வேலை. புன்னவிதி ஸ்டேஷன் அருகே 32 சதுர மீட்டர் கான்டோ, 28 லட்சம் பாட் (தாய் நாணயம்) சொல்கிறார்கள். சம்பளத்தில் சேர்த்த பணம் பெரும்பகுதி இங்கேயே தாய் வங்கியில் பாட்டாக இருக்கிறது. கொஞ்சம் ஊரில் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாடு வாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு). அப்பா மதுரையிலிருந்து 15 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இங்கிருக்கும் பணத்தையே கொடுத்து வாங்கிவிடலாம், பிரச்சினையே இல்லை என்கிறார் ஏஜென்ட். நாளை மறுநாள் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாங்காக்

தம்பி, ஏஜென்டுக்குப் பிரச்சினை இல்லை, உண்மைதான். பிரச்சினை உங்களுக்கு.

தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. கான்டோவை மட்டும் சொந்தப் பெயரில் முழு உரிமையோடு வாங்கலாம். 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் யார் வாங்கலாம் என்று 19-ஆம் பிரிவில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், முதலீட்டு வாரியத்தின் சலுகை பெற்றவர்கள் போன்றோர் ஒரு பக்கம். உங்களையும் என்னையும் போன்ற வேலைக்கு வந்த ஆட்களுக்குத் திறந்திருப்பது இன்னொரு கதவு: வாங்கும் பணம் வெளிநாட்டு நாணயமாக வெளியிலிருந்து உள்ளே வந்திருக்க வேண்டும். நீங்கள் இங்கே உழைத்து, இங்கே வரி கட்டி, இங்கே சேமித்த பாட் இந்தக் கணக்கில் சேராது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் பதிவு நாளன்று லேண்ட் ஆபீஸ் கவுன்டரில் நியாயம் பேச முடியாது. அவர்கள் கேட்பது காகிதம்.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் எஃப்.இ.டி. படிவம், அதாவது அந்நியச் செலாவணிப் பரிமாற்றப் படிவம். பழைய ஆட்கள் இன்னும் ‘தோர் தோர் 3’ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து 50,000 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ வந்து, தாய் வங்கி அதைப் பாட்டாக மாற்றினால் இந்தப் படிவத்தைத் தரும். அதற்குக் குறைவாக வந்தால் வங்கியிடம் வரவுச் சான்றுக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தவணையாக அனுப்பினால் ஒவ்வொரு தவணைக்கும் தனிக் காகிதம். எல்லாம் கூட்டினால் பத்திரத்தில் எழுதும் விலைக்குக் குறையக் கூடாது. முன்பணத்தை இங்குள்ள பாட் பணத்திலிருந்து கொடுத்தாலும், சான்று முழு 28 லட்சத்துக்கும் இருக்கும்படி அனுப்புங்கள்.

இனி உங்கள் மூன்று பைகளுக்கு வருவோம்.

முதலில் என்.ஆர்.இ. கணக்கில் இருப்பதை எடுங்கள். அதைத் தடையில்லாமல் வெளியே அனுப்பலாம். உங்கள் வங்கி டாலராக மாற்றி அனுப்பட்டும், ‘நாங்களே பாட்டாக அனுப்பிவிடுகிறோம், ரேட் நல்லா இருக்கு’ என்று கவுன்டரில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டாக வந்து சேர்ந்த பணத்துக்குப் படிவம் கிடைக்காது. கைபேசிச் செயலிகளிலும் இதே வில்லங்கம் உண்டு. அங்கே டாலர் போகும், இங்கே உள்ளூர்ப் பரிமாற்றமாகப் பாட் வந்து விழும். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்ப அது அருமையான வசதி. கான்டோவுக்கு ஆகாது. அனுப்பும்போது நோக்கம் என்ற இடத்தில் கான்டோ வாங்க என்று எழுதி, கட்டடத்தின் பெயரையும் யூனிட் எண்ணையும் சேருங்கள். பெறுபவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்கும். வங்கியில் ஒரு வரிசை, பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை என்றால் அங்கேயே நிற்கும்.

இரண்டாவது, அப்பாவின் பணம். இந்தியாவில் வசிப்பவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20% டி.சி.எஸ். (அனுப்பும்போதே பிடிக்கும் முன்வரி) பிடிக்கும். 15 லட்சத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் போகும். அப்பா ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம், வரியில் கழித்தும் கொள்ளலாம். ஆனால் அதுவரை அவர் பணம் அங்கே தூங்கும். பென்ஷன்காரர் என்றால் 10 லட்சத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி.

மூன்றாவது, இங்குள்ள பாட். பற்றாக்குறையை நிரப்ப மட்டும் இதைத் தொடுங்கள். வொர்க் பெர்மிட், சம்பளச் சீட்டு, வரி கட்டிய சான்று எல்லாம் காட்டி உங்கள் வெளிநாட்டுக் கணக்குக்கு முறையாக அனுப்பி, பிறகு டாலராகத் திரும்ப வரவழைக்கலாம். போகும்போது ஒரு மாற்று, வரும்போது ஒரு மாற்று, இரண்டு பக்கமும் வங்கிக்கு வருமானம். அதோடு, 2024 முதல் ஆண்டுக்கு 180 நாளோ அதற்கு மேலோ இங்கே வசிப்பவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் தாய் வரித்துறை கணக்குக் கேட்கலாம். இது புது வருமானம் இல்லை, ஏற்கெனவே இங்கே வரி கட்டிய சேமிப்பு என்று காட்ட, பணம் போன ரசீது, வந்த ரசீது, அந்த ஆண்டுகளின் வரித்தாள் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

முன்பணம்? கொடுக்கலாம், ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால்: ஃபாரின் கோட்டாவில் (கட்டடத்தில் வெளிநாட்டவர் பெயரில் இருக்கக்கூடிய பங்கில்) இடம் இல்லையென்றாலோ, லேண்ட் ஆபீஸ் பதிவு செய்ய மறுத்தாலோ முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும். நாளை மறுநாளுக்குள் அந்த வரியை எழுத விற்பவர் தயாராக இல்லையென்றால் புன்னவிதியில் கான்டோவுக்குப் பஞ்சம் இல்லை.

எஃப்.இ.டி. மூலப்படிவத்தைப் பதிவு முடிந்ததும் பரணில் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். நாளை விற்று அந்தப் பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும்போது வங்கி இதைத்தான் முதலில் கேட்கும்.

பிடித்த கட்டடத்தில் ஃபாரின் கோட்டா முடிந்துவிட்டதாம். 30 ஆண்டு குத்தகையாக எடுங்கள், அல்லது ஒரு தாய் கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்குங்கள் என்று இரண்டு வழி சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், பட்டாயா

இரண்டும் வேண்டாம். ஒரு கட்டடத்தின் மொத்த யூனிட் பரப்பில் 49% வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். பட்டாயாவில் கடல் தெரியும் கட்டடங்களில் அது நிறைந்துபோவது சாதாரணம். குத்தகை என்பது நீண்ட வாடகை, அவ்வளவுதான். ‘முடிந்ததும் இன்னொரு 30 ஆண்டு தானாக நீளும்’ என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் போடாதீர்கள். கம்பெனி வழியில், பங்குகளைப் பெயருக்கு வைத்திருக்கும் தாய் ஆட்களைப் பிடித்துப் போடுவார்கள். அது சட்டவிரோதம், பினாமி விவகாரம். ஆடிட்டருக்கு ஆண்டுதோறும் தண்டம் வேறு. அதே தெருவில் கோட்டா மிச்சமிருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். கோட்டா உண்டா இல்லையா என்பதை ஏஜென்ட் வாயால் கேட்காமல், கட்டடத்தின் நிர்வாக அலுவலகம், அதாவது இங்கே எல்லாரும் சொல்லும் ‘ஜூரிஸ்டிக்’, எழுத்தில் தரும் கடிதமாக வாங்குங்கள். பதிவுக்கும் அந்தக் கடிதம் வேண்டும்.

அவர் 28 சதுர மீட்டர் போதும் என்கிறார். நான் தினமும் சமைப்பவள். அதில் குடித்தனம் நடக்குமா அக்கா?
– வாசகி, ராம்கம்ஹேங்

நடக்கும், தங்கச்சி. ஆனால் பார்க்கப் போகும்போது நீச்சல்குளத்தையும் ஜிம்மையும் அவர் பார்க்கட்டும், நீங்கள் நேராக அடுப்புக்குப் போங்கள்.

28 சதுர மீட்டர் என்றால் 300 சதுர அடி. அதில் பால்கனியும் சேர்த்தி. பால்கனியில் ஏசியின் வெளிப்பெட்டி, பக்கத்தில் வாஷிங் மெஷின், மிச்சத்தில் ஒரு துணிக்கொடி. பெரும்பாலான கட்டடங்களில் கேஸ் சிலிண்டருக்கு அனுமதி இல்லை, மின் அடுப்புதான். மேலே இருக்கும் புகைபோக்கியைத் திறந்து பாருங்கள். நிறைய இடங்களில் அதற்குக் குழாயே கிடையாது. புகையை ஒரு வடிகட்டி வழியாக உறிஞ்சி உங்கள் முகத்துக்கே திருப்பி விடும். இங்கே கான்டோ கட்டுபவர்கள் கீழே தெருவில் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து படுக்கும் ஆட்களை மனதில் வைத்துக் கட்டுகிறார்கள். காய்ந்த மிளகாய் தாளித்தால் ஒரே நிமிடத்தில் மெத்தைவரை போகும்.

ஆகவே அடுப்படிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட யூனிட்டாகத் தேடுங்கள். அடுப்படி பால்கனியை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. மேற்குப் பார்த்த அறை இரண்டாயிரம் மூவாயிரம் பாட் குறைவாக வாடகைக்குக் கிடைக்கிறதே என்று இருந்திருப்பீர்கள், வாங்கும்போது அந்தச் சபலம் வேண்டாம். ஏப்ரல் மாத மாலையில் சுவரைத் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஊர் மிக்சி கிரைண்டருக்கு மின்சாரம் ஒத்துப்போகும், 220 வோல்ட்தான். சத்தம்தான் ஒத்துப்போகாது. மாவு அரைப்பதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிராணி போடும் நாளில் புகை உணரும் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கூத்து நடந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மாலை ஆறரை மணிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போய் லிஃப்ட் வரிசையை ஒருதரம் பாருங்கள். ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஏஜென்ட் காட்டும் கட்டடமும் இதுவும் ஒன்றல்ல.

விலைக்கு மேல் கையிலிருந்து எவ்வளவு போகும்?
– வாசகர், கோலாலம்பூர்

மேலே உள்ள 28 லட்சம் பாட் யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். பதிவுக் கட்டணம் 2%, நீங்கள் கொடுக்கும் விலையில் அல்ல, அரசு மதிப்பீட்டில். மதிப்பீடு 24 லட்சம் என்றால் 48,000 பாட். வழக்கத்தில் வாங்குபவர் பாதி, விற்பவர் பாதி. விளம்பரத்தில் 0.01% என்று பார்த்துக் குதிக்காதீர்கள், அந்தச் சலுகை தாய் குடிமக்களுக்கு.

விற்பவர் ஐந்து ஆண்டுக்குள் விற்றால் 3.3% தொழில் வரி, அதைத் தாண்டியிருந்தால் 0.5% முத்திரைக் கட்டணம், இரண்டில் ஒன்று. இதோடு அவருடைய வருமான வரிப் பிடித்தமும் உண்டு. இவை விற்பவர் பாடு. ஆனால் ‘எல்லாம் பாதி பாதி’ என்று ஒப்பந்தத்தில் நைசாக ஒரு வரி எழுதிவிடுவார்கள், படித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பராமரிப்பு சதுர மீட்டருக்கு மாதம் 50 பாட் என்றால் 32-க்கு 1,600. ஓராண்டுக்கு மொத்தமாக வாங்குவார்கள். நிலம், கட்டட வரி 0.02%, ஆண்டுக்கு 480 பாட், அதைப் பேசவே வேண்டாம். வங்கிக் கடனை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வெளிநாட்டவருக்குக் கடன் தர இங்கே வங்கிகள் தயங்கும்.

பழைய உரிமையாளர் பராமரிப்புப் பாக்கி வைத்திருந்தால்? ஜூரிஸ்டிக் தரும் ‘பாக்கி இல்லை’ கடிதம் இல்லாமல் லேண்ட் ஆபீஸ் பெயர் மாற்றாது. அந்த அலுவலகத்துக்குப் போகிற சாக்கில் கடைசி ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பையும், கட்டடத்தின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேளுங்கள். சுவருக்கு வண்ணம் அடித்துப் பல ஆண்டு, நிதியில் பணம் இல்லை, பாதிப் பேர் பராமரிப்புக் கட்டவில்லை என்றால், அடுத்த லிஃப்ட் பழுதுக்கு உங்கள் கதவைத் தட்டுவார்கள்.

வாங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாமா? கடனில்லாமல் வருமானம் வருமே.
– வாசகர், சிங்கப்பூர்

கூடாது. 30 நாளுக்குக் குறைவாக விட்டால் 2004-ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டம் அதை ஹோட்டல் என்று பார்க்கும். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்திய ஒவ்வொரு நாளுக்கும் 10,000 பாட் வரை தனி. கட்டடத்து லாபியிலேயே எச்சரிக்கைப் பலகை தொங்கும், பக்கத்து வீட்டுக்காரரே புகார் கொடுப்பார்.

மாத வாடகைக்கு விடலாம். கணக்குப் போட்டுவிட்டு விடுங்கள். அந்த 28 லட்சம் பாட் யூனிட் மாதம் 12,000-க்குப் போகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,44,000, ஐந்து சதவீதம் என்று ஏஜென்ட் சொல்வார். பராமரிப்பு 19,200 கழியுங்கள். ஒரு மாதம் காலி, ஒரு மாத வாடகை கமிஷன், இன்னொரு 24,000. மிஞ்சுவது 1,00,800, மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். வருமான வரி இன்னும் கழிக்கவில்லை, ஏசி சர்வீஸ் கழிக்கவில்லை. வெளிநாட்டவர் குடிவந்தால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு டி.எம்.30 அறிவிப்பு கொடுப்பதும் உரிமையாளர் வேலை. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

பாங்காக்கில் சின்ன கான்டோ தேவைக்கு மேல் கட்டப்பட்டுக் கிடக்கிறது. குடியிருக்க வாங்குங்கள் என்பேன். ஏழெட்டு ஆண்டு இங்கேதான் என்று உறுதியில்லாதவர்கள் வாடகையிலேயே இருங்கள். விற்பது வாங்குவதுபோல் வேகமாக நடக்காது.

கான்டோ வாங்கினால் விசா கிடைக்குமா?
– வாசகர், திருச்சி

28 லட்சம் பாட் கான்டோவுக்கா? கிடைக்காது. உங்களுக்கு 50 வயது ஆகியிருந்தால் ஓய்வுக்கால விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாத வருமானம் 65,000 பாட் காட்டச் சொல்வார்கள். அதற்கும் கான்டோவுக்கும் சம்பந்தம் இல்லை.

2025 நிலநடுக்கத்துக்குப் பிறகு உயரமான கட்டடம் என்றாலே என் அம்மாவுக்குப் பயம். தவிர்க்கலாமா?
– வாசகி, பாங்காக்

மார்ச் 28 அன்று மியான்மரின் மாண்டலே பக்கம் 7.7 அளவில் நடுங்கியது ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இங்கே உலுக்கியதற்கு, பாங்காக்கின் அடியில் இருக்கும் மென்மையான களிமண்ணும் காரணம். பாங்காக்கின் சத்துச்சக்கில் இடிந்தது கட்டிமுடிக்கப்படாத அரசுக் கட்டடம். குடியிருப்புக் கட்டடங்கள் பலவற்றில் தடுப்புச் சுவர்கள் விரிசல் விட்டன. அம்மாவைத் தேற்ற நான் சொல்வது இது: எட்டு மாடிக் கட்டடங்கள் சோய்களுக்குள், அதாவது சந்துகளுக்குள், நிறைய உண்டு, அவற்றைப் பாருங்கள். எதுவானாலும், நிலநடுக்கத்துக்குப் பின் பொறியாளர் ஆய்வு செய்த அறிக்கையையும், கட்டடக் காப்பீட்டில் நிலநடுக்கம் அடங்குமா என்பதையும் ஜூரிஸ்டிக்கில் கேளுங்கள். மாடிப்படியில் ஏறி இறங்கி விரிசலைப் பாருங்கள், விற்கப்போகிற யூனிட்டில் புது வண்ணம் பூசியிருப்பார்கள், மாடிப்படிக்குப் பூச மாட்டார்கள்.

வேலை முடிந்து கோவைக்கே திரும்பப் போகிறேன். இங்குள்ள கான்டோவை விற்றுவிட வேண்டுமா?
– வாசகர், பாங்காக்

வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தைத் திரும்பிய பிறகும் வைத்திருக்க இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. கவனிக்க வேண்டியது வரி ரிட்டர்ன். திரும்பிய முதல் ஆண்டுகளில் நீங்கள் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற நிலையில் இருக்கலாம். அது முடிந்ததும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்த கான்டோவைக் காட்டியே ஆக வேண்டும், வாடகையே வராவிட்டாலும். மறைத்தால் 2015 கறுப்புப்பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். சிறு தொகைக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறார்கள், அதில் வீடு அடங்காது. வாடகை வந்தால் அங்கும் வருமானம், இங்கு கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பின் என் மகனுக்குப் போகுமா? அவன் சென்னையில் இருக்கிறான்.
– வாசகி, பாங்காக்

போகும் அம்மா, ஆனால் அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். வாரிசாக வரும் வெளிநாட்டவருக்கு அந்த 19-ஆம் பிரிவின் தகுதி இல்லையென்றால், 60 நாளுக்குள் அறிவித்து, ஓராண்டுக்குள் விற்க வேண்டும். அதற்கு முன் தாய் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்க வேண்டும். ஊரில் எழுதிய உயிலை இங்கே மொழிபெயர்த்து, சான்றளித்து நடப்பது நீண்ட வேலை. இங்குள்ள சொத்துக்கு மட்டும் தனியாக ஓர் உயிலைத் தாய் மொழியில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கான்டோவின் உரிமைப் பத்திரமும் எஃப்.இ.டி. நகலும் எங்கே இருக்கின்றன என்று மகனிடம் இன்றே சொல்லுங்கள். வாரிசு வரிக்குப் பயப்பட வேண்டாம், அது 10 கோடி பாட்டுக்கு மேல்.

சீலோம் மாரியம்மன் கோயில் பக்கமாக வாங்க ஆசை. சரியா?
– வாசகர், பாங்காக்

ஆசை சரி. அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் அறை விசாலம், அடுப்படி தனி, சுவர் தடிமன். லிஃப்டும் குழாயும் பழசு, ஆகவே சேமநிதியைப் பார்த்து வாங்குங்கள். விஜயதசமி ஊர்வல இரவில் காரை வெளியே எடுக்க நினைக்காதீர்கள்.

கமிஷன் யார் தருவது?
– வாசகர், பாங்காக்

விற்பவர். பெரும்பாலும் 3%. உங்களிடமும் கேட்டால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.